நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு: ஒரு ரயில் கம்பெனியும் எங்கள் சொந்த ஊரும்

போன மாதம் பெண்ணின் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு படிவம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். பெயர், வகுப்பு, தாய்மொழி என்று வரிசையாகப் பூர்த்தி செய்துகொண்டே வந்தவள் ஒரு கட்டத்தில் பேனாவை வைத்துவிட்டாள்.

"அப்பா, நம்ம நேட்டிவ் ப்ளேஸ் எது?"

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கமணி "மெட்ராஸ்னு எழுதுடி" என்றார். அது அவர் பிறந்த ஊர். நானும் அங்கேதான் பிறந்து வளர்ந்தேன். ஆனால் அப்பா பிறந்தது பொன்மலையில். தாத்தா பிறந்தது நாகப்பட்டினத்தில். என் பெண் பிறந்ததோ தில்லியில். நான்கு தலைமுறைக்கு நான்கு ஊர். இதில் எதைச் சொந்த ஊர் என்று எழுதுவது?

குழப்பம் வந்தால் எங்கள் வீட்டில் உச்ச நீதிமன்றம் அத்தைதான். எண்பதைத் தாண்டியவர். இன்னும் பொன்மலைப் பக்கத்திலேயே இருக்கிறார். போன் போட்டேன்.

"அத்தை, நமக்குச் சொந்த ஊர்னு எதைச் சொல்றது?"

"இதென்னடா கேள்வி? நாகப்பட்டினம்தான். கம்பெனிக்காரன் பட்டறையைத் தூக்கிட்டு வந்து இங்க வச்சான். பின்னாடியே நம்மளும் வந்தோம். அதனால ஊர் மாறிடுமா?"

ஆச்சரியம் என்னவென்றால், இதைச் சொல்கிற அத்தை பிறந்ததே பொன்மலையில்தான். நாகப்பட்டினத்துக்கு வேளாங்கண்ணி போகிற வழியில் இரண்டு மூன்று தடவை போயிருப்பார், அவ்வளவுதான். ஆனாலும் தீர்ப்பு நாகப்பட்டினம்தான்.

(இப்போது கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

அத்தை வீட்டு பீரோவில் ஒரு பித்தளை வில்லை உண்டு. பழைய நாலணாவைவிடப் பெரியது. நடுவில் ஓர் எண், மேலே ஓர் ஓட்டை. கொள்ளுத்தாத்தா பட்டறைக்குள் போகும்போது கொடுக்கிற டோக்கன். சின்ன வயதில் கோடை விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் அதை எடுத்து விளையாடியிருக்கிறேன். அத்தை சொல்கிற 'கம்பெனிக்காரன்' யார் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. நாற்பத்தைந்து வயதுக்குப் பிறகு, ஒரு பள்ளிக்கூடப் படிவத்தால் அந்தக் கேள்வி வந்தது. தேடிப் படித்ததில் கிடைத்ததைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். கொஞ்சம் நீளம். ஆனால் திருச்சி, தஞ்சாவூர், மதுரை, நெல்லை என்று எந்தப் பக்கத்துக்காரராக இருந்தாலும் உங்கள் வீட்டுக் கதையும் இதில் எங்காவது ஓடும்.

அந்தக் கம்பெனியின் பெயர் சவுத் இந்தியன் ரயில்வே. நம் தாத்தாக்கள் வாயில் எஸ்.ஐ.ஆர்.

நம்மில் பலர் இந்திய ரயில் என்றால் வெள்ளைக்கார சர்க்கார் போட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாதி உண்மை. ஆரம்பத்தில் போட்டவை லண்டனில் பங்கு விற்றுப் பணம் திரட்டிய தனியார் கம்பெனிகள். தெற்கில் முதலில் வந்தது மதராஸ் ரயில்வே கம்பெனி. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை வண்டி விட்டார்கள். அந்தக் கம்பெனியின் கண் மேற்கே இருந்தது. அரக்கோணம், ஜோலார்பேட்டை, சேலம், ஈரோடு, கோவை என்று மலையாளக் கரையைப் பார்த்துப் போனது. காவிரிக் கரையையும் அதற்குத் தெற்கே இருந்த சீமையையும் இன்னொரு கம்பெனி எடுத்துக்கொண்டது. அதுதான் கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே. எஸ்.ஐ.ஆரின் அப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கம்பெனி முதல் தண்டவாளத்தை மதராஸிலிருந்து போடவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து போட்டது. 1861-ல் வண்டி ஓட ஆரம்பித்து, 1862-ல் தஞ்சாவூர் வழியாகத் திருச்சியைத் தொட்டுவிட்டது. சுமார் 80 மைல். யோசித்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. நாகப்பட்டினம் அன்றைக்குப் பெரிய துறைமுகம். போர்த்துக்கீசியர், பிறகு டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர் என்று எல்லோரும் கண் வைத்த ஊர். பின்னால் பெரிய நெல் களஞ்சியம். முன்னால் இலங்கை, பர்மா, பினாங்கு போகிற கப்பல்கள். இஞ்சினும் இரும்புத் தண்டவாளமும் இங்கிலாந்திலிருந்து கப்பலில்தானே வந்தாக வேண்டும்? வந்து இறங்குகிற இடத்திலேயே பட்டறையும் வைத்துக்கொண்டார்கள். அப்படித்தான் நாகப்பட்டினம் ரயில்வே ஊராக ஆனது. கொல்லர்கள், தச்சர்கள், ஃபிட்டர், டர்னர், மோல்டர் என்று ஒரு புதுத் தொழிலாளர் கூட்டமே அங்கே உருவானது. சங்கு ஊதினால் வேலைக்குப் போவது, சங்கு ஊதினால் வீட்டுக்கு வருவது என்ற பழக்கம் அந்த ஊருக்கு வந்ததும் அப்போதுதான்.

இங்கே பணக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. கம்பெனி தனியார், முதலீடு தனியார், சரி. ஆனால் நஷ்டம் வந்தால்? அதற்கு ஓர் அருமையான ஏற்பாடு இருந்தது. போட்ட முதலுக்கு வருடத்துக்கு 5 சதவீதம் லாபம் என்று சர்க்கார் உத்தரவாதம் கொடுத்திருந்தது. ரயில் அவ்வளவு சம்பாதிக்கவில்லையென்றால், குறைகிற பணத்தை சர்க்கார் கஜானாவிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடும். நிலமும் இலவசம். கஜானாவில் இருந்தது யார் பணம்? தஞ்சாவூர் மிராசுதார் கட்டிய நிலவரியும், உப்பு வாங்கிய ஏழையின் உப்பு வரியும்தான். ஆக, லாபம் வந்தால் லண்டனுக்கு, வராவிட்டால் நம் தலையில். இப்படி ஓர் ஒப்பந்தம் இன்றைக்கு என் கம்பெனிக்குக் கிடைத்தால் எங்கள் முதலாளி ஆபீஸ் வாசலில் கோயிலே கட்டிவிடுவார் :-)

இதை நான் புகாராக மட்டும் சொல்லவில்லை. "வெள்ளைக்காரன் நமக்கு ரயில் விட்டான்" என்று யாராவது பெருமூச்சு விட்டால், டிக்கெட்டுக்கு முன்பே நாம் காசு கொடுத்தாயிற்று என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அடுத்து வருவது பாதை அகலக் கதை. எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

நாகப்பட்டினம் - திருச்சி பாதை போடும்போது அகலப் பாதையாகத்தான் போட்டார்கள். 5 அடி 6 அங்குலம். இன்று நாம் தில்லியிலிருந்து சென்னைக்கு வருகிறோமே, அதே அகலம். பிறகு கரூர் வழியாக நீட்டி, 1868-ல் ஈரோட்டில் மதராஸ் ரயில்வேயோடு இணைத்தார்கள். இரண்டும் ஒரே அகலம். நாகப்பட்டினத்தில் ஏற்றிய சரக்குப் பெட்டி அப்படியே மேற்கே போகலாம்.

இதற்கிடையில் வடக்கே அரக்கோணத்துக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவே 1865-ல் வேறொரு கம்பெனி ஒரு சின்னப் பாதை போட்டிருந்தது. அதன் அகலம் 3 அடி 6 அங்குலம். அது பிற்பாடு கர்நாடிக் ரயில்வே என்ற கம்பெனியின் கைக்கு வந்தது. 1874-ல் கிரேட் சதர்னும் கர்நாடிக்கும் சேர்ந்து சவுத் இந்தியன் ரயில்வே ஆயின. ஒன்று 5 அடி 6 அங்குலம், மற்றொன்று 3 அடி 6 அங்குலம். சேர்ந்த கம்பெனி எதைத் தேர்ந்தெடுத்தது? இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதாக மீட்டர் பாதையை! 3 அடி 3 அங்குலம், மேலே முக்கால் அங்குலத்தில் பாதி.

காரணம் இல்லாமல் இல்லை. 5 சதவீத உத்தரவாதத்தால் கஜானா காலியாகிக்கொண்டிருந்தது. வைஸ்ராய் மேயோ பிரபு காலத்தில், 1870-ல், செலவைக் குறைக்க இனிமேல் போடுகிற பாதைகளில் பலவற்றைக் குறுகலாகப் போடலாம் என்று முடிவெடுத்தார்கள். இந்தியாவுக்கு மெட்ரிக் அளவை கொண்டுவரலாம் என்ற பேச்சு அப்போது இருந்ததால் அகலம் ஒரு மீட்டர் என்று நிர்ணயமானது. மெட்ரிக் அளவை நமக்கு வந்தது சுதந்திரத்துக்குப் பிறகுதான். ஆனால் மீட்டர் பாதை மட்டும் முன்னாடியே வந்துவிட்டது.

புதிதாகப் போடுவதைக் குறுகலாகப் போட்டால் பரவாயில்லை. ஏற்கெனவே இருந்த அகலப் பாதையையே பெயர்த்துக் குறுக்கினார்கள். 1875-ல் நாகப்பட்டினம் - திருச்சி, 1879-க்குள் திருச்சி - ஈரோடு. விளைவு, அதுவரை ஈரோட்டில் தடையில்லாமல் போன சரக்கை இனி ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்ற வேண்டும். நாகப்பட்டினத்துக்கு மறுபடி அகலப் பாதை எப்போது வந்தது தெரியுமா? இந்த நூற்றாண்டு பிறந்த பிறகு. 1861-ல் இருந்ததைத் திரும்பப் பெற நூற்று முப்பது வருடங்களுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. தூரத்தில் யாரோ ஒருவர் மேஜையில் செலவுக் கணக்கைச் சுருக்கினால் ஓர் ஊருக்கு என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மீட்டர் பாதை மலிவு என்பதால் பாதை வேகமாக வளர்ந்தது. 1876-ல் மதுரை தாண்டித் தூத்துக்குடி வரைக்கும் திருநெல்வேலி வரைக்கும் ரயில் போய்விட்டது. மதராஸிலிருந்து விழுப்புரம், கடலூர், சிதம்பரம், மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்ற பாதை 1880 வாக்கில் பூர்த்தியானது. இன்றைக்கும் இதற்குப் பெயர் மெயின் லைன். 1879-ல் பிரெஞ்சுக்காரர்களின் பாண்டிச்சேரிக்கும் விழுப்புரத்திலிருந்து ஒரு கிளை போனது.

தேதிகளைக் கவனித்தீர்களா? 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். தென்னாட்டில் லட்சக்கணக்கான பேர் செத்த காலம். அதே வருடங்களில்தான் இந்தப் பாதைகள் நீண்டன. ரயில் பஞ்சப் பகுதிக்குத் தானியம் கொண்டு போனது. அதே ரயில், விலை எங்கே அதிகமோ அங்கே தானியத்தை இழுத்துக்கொண்டும் போனது. கையில் காசில்லாதவனுக்கு ஸ்டேஷனில் மூட்டை அடுக்கியிருந்து என்ன பிரயோஜனம்? ரயிலை வரப்பிரசாதம் என்று எழுதிய புத்தகங்களையும், சாபம் என்று எழுதிய புத்தகங்களையும் படித்தேன். இரண்டும் ஒரே வண்டியின் இரண்டு பெட்டிகள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. கம்பெனி எப்போது பாதை போடும் என்று காத்திருக்காமல், ஜில்லா போர்டு நிலத்தின் மேல் ஒரு தனி வரி போட்டுப் பணம் சேர்த்துத் தானே ரயில் பாதை அமைத்தது. மாயவரத்திலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டை வரை, 1894-ல். பாதை ஜில்லா போர்டுடையது, வண்டி ஓட்டியது எஸ்.ஐ.ஆர்.

1890-ல் ஒப்பந்தக் காலம் முடிந்ததும் சர்க்கார் கம்பெனியை விலைக்கு வாங்கியது. அப்பாடா, இனி சர்க்கார் ரயில் என்று நினைக்காதீர்கள். அதே பெயரில் லண்டனில் புதிதாக ஒரு கம்பெனி பதிவாகி, ஓட்டுகிற வேலை அதனிடமே போனது. இயக்குநர்கள் லண்டனில், இங்கே நிர்வாகம் திருச்சியில். 1908-ல் மதராஸ் ரயில்வே கலைக்கப்பட்டபோது, ஜோலார்பேட்டையிலிருந்து மங்களூர் வரை போகிற அகலப் பாதையும் ஊட்டி மலை ரயிலும் எஸ்.ஐ.ஆர். கைக்கு வந்தன. நம்மில் பலருக்கு ஊர் போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமான அந்தச் சிவப்புக் கட்டிடம், எழும்பூர் ஸ்டேஷன், திறந்ததும் அதே 1908-ல்தான்.

எஸ்.ஐ.ஆர். என்றாலே பெரியவர்கள் கண்ணில் ஒரு பளபளப்பு வருமே, அது போட் மெயிலுக்கு. ஆரம்பத்தில் தூத்துக்குடி வரை ரயில், அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்ததும் தனுஷ்கோடி வரை வண்டி போனது. அங்கே நீராவிப் படகில் ஏறித் தலைமன்னார், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு. எழும்பூரில் கொழும்புக்கே டிக்கெட் வாங்கலாம். ஆனால் அந்த வழியில் போன எல்லோரும் கோட்டு போட்ட கனவான்கள் இல்லை. தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம் ஜனங்கள் மண்டபம் முகாமில் அடைபட்டு, மருத்துவப் பரிசோதனை முடிந்து, மூன்றாம் வகுப்பில் போனார்கள். தமிழன் வேலை தேடி வெளியே போன கதையின் பெரிய அத்தியாயம் அந்தத் தண்டவாளத்தின் மேல்தான் எழுதப்பட்டது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியும், அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ரயிலும் கடலோடு போயின. பாம்பன் பழைய பாலம் மட்டும் 2022 டிசம்பர் வரை வண்டிகளைச் சுமந்தது. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்துவிட்டார்கள்.

இந்தக் கம்பெனியின் பிளாட்பாரங்களில் நம் சமூகத்தின் கதையும் நடந்திருக்கிறது. 1911-ல் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது மணியாச்சி ஸ்டேஷனில். ஸ்டேஷன் சாப்பாட்டுக் கூடங்களில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம் என்று இருந்ததை எதிர்த்துப் பெரியார் தொடர்ந்து போராடி, 1941-ல்தான் அது ஒழிந்தது. ஒரே வண்டியில் ஒரே புகையைச் சுவாசித்துக்கொண்டு வந்தவர்கள் இட்லி சாப்பிட மட்டும் பிரிந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

சரி, அத்தை சொன்ன 'பட்டறையைத் தூக்கிட்டு வந்த' கதைக்கு வருகிறேன்.

1908-க்குப் பிறகு எஸ்.ஐ.ஆரிடம் இரண்டு அகலத்திலும் பாதைகள் இருந்தன. மீட்டர் பாதை வண்டிகளுக்கு நாகப்பட்டினத்தில் பட்டறை, அகலப் பாதை வண்டிகளுக்குப் போத்தனூரில் பட்டறை. இரண்டும் இரண்டு மூலையில். நாகப்பட்டினம் பட்டறைக்கு அறுபது வயதாகிவிட்டது. எல்லாவற்றையும் நடுவில் இருக்கிற திருச்சிக்குக் கொண்டுவந்து, நவீன இயந்திரங்களோடு ஒரே பெரிய பட்டறையாக வைத்தால் செலவு குறையும் என்று கம்பெனி முடிவு செய்தது. திருச்சிக்கு வெளியே பொன்மலையில் இடம் பார்த்து, பட்டறையும் பக்கத்திலேயே தொழிலாளர் காலனியும் கட்டி, 1928-ல் திறந்தது. நிர்வாகக் கணக்குப்படி பார்த்தால் சரியான முடிவுதான். பொன்மலைப் பட்டறை இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் புதிய இயந்திரங்களுக்குப் பழைய அளவு ஆட்கள் தேவையில்லை. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் குறைக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. யார் வேண்டும், யார் வேண்டாம் என்று முடிவு செய்ய ஒரு பரீட்சை. இருபது வருடம், முப்பது வருடம் பாய்லருக்குள் புகுந்து வேலை பார்த்தவனைக் கூப்பிட்டு, "உனக்கு வேலை தெரியுமா, செய்து காட்டு" என்றார்கள். வேலை போவதைவிட இந்தப் பரீட்சைதான் அவர்களுக்கு அதிகமாக வலித்திருக்கும் என்று நினைக்கிறேன். கொள்ளுத்தாத்தா பொன்மலைக்கு வந்ததைப் பற்றி வீட்டில் அதிகம் பேசியதில்லையாம். கோபம் வந்தால் மட்டும், "எனக்கே பரீட்சை வச்சவனுங்கடா" என்று ஆரம்பிப்பாராம். அதற்கு மேல் பேச்சு வராதாம். இதை அத்தை சொன்னபோது, வருடா வருடம் மார்ச் மாதம் அப்ரைசல் படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிற என் முகம் எனக்கு ஞாபகம் வந்தது.

1928 ஜூலை பிற்பாதியில் எஸ்.ஐ.ஆர். முழுவதும் வேலைநிறுத்தம் வெடித்தது. ஆட்குறைப்பைக் கைவிடு, பரீட்சையை ரத்து செய், சம்பளத்தை உயர்த்து என்பவை கோரிக்கைகள். பட்டறைக்காரர்கள் ஆரம்பித்தது, வண்டி ஓட்டுகிறவர்கள், பாயிண்ட்ஸ்மேன்கள் என்று பரவி, தென்னாட்டு ரயில் போக்குவரத்தே தடுமாறியது. சில இடங்களில் தண்டவாளம் பெயர்க்கப்பட்டு வண்டிகள் கவிழ்ந்தன. அதை நியாயப்படுத்த நான் வரவில்லை. அரசாங்கம் கடுமையாக இறங்கியது. தலைவர்கள் கைதானார்கள். பத்து நாட்கள் வாக்கில் வேலைநிறுத்தம் ஒடுங்கியது.

கைதானவர்களில் ஒருவர் சிங்காரவேலர். 1923-ல் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டத்தை நடத்தியவர். அப்போது அவருக்கு வயது 68. சதி வழக்குப் போட்டுப் பத்தாண்டு சிறைத் தண்டனை கொடுத்தார்கள். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து 1930-ல் வெளியே வந்தார். முகுந்தலால் சர்க்காரும் சிறைக்குப் போனார். பெருமாள் என்ற தொழிலாளர் தலைவருக்கு ஆயுள் தண்டனை. இந்த வேலைநிறுத்தம் நம் பாடப் புத்தகங்களில் ஒரு வரிகூட இல்லாமல் போனது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. குறைந்தபட்சம் நான் படித்த காலத்தில் பார்த்ததில்லை.

வேலை கிடைத்தவர்கள் பொன்மலைக்கு வந்தார்கள். எங்கள் குடும்பமும் வந்தது. தாத்தாவுக்கு அப்போது பத்து வயது. கடலைப் பார்த்து வளர்ந்த பையன். பாறையும் வெயிலுமாக இருந்த ஊருக்கு வந்து, "கடல் எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லாம் நாகப்பட்டினத்துக்காரர்கள் என்பதால் கொஞ்ச நாளில் பழகிவிட்டதாம். தில்லிக்கு வந்த புதிதில் நாமும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கிற பேட்டையாகத் தேடித்தானே வீடு பார்த்தோம்?

அதற்குப் பிறகு கம்பெனி அதிக காலம் இருக்கவில்லை. 1931-ல் சென்னைக் கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் விட்டது அதன் கடைசிப் பெரிய சாதனை என்று சொல்லலாம். 1944 ஏப்ரல் 1 முதல் சர்க்கார் நேரடியாக எடுத்துக்கொண்டது. கம்பெனி போனது, ஆனால் துப்பாக்கி போகவில்லை. 1946-ல் மறுபடி வேலைநிறுத்தம் நடந்தபோது, செப்டம்பர் 5 அன்று பொன்மலைச் சங்கத் திடலில் போலீஸ் சுட்டு ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். அப்போது அத்தைக்கு மூன்று வயது. பாட்டி கதவைச் சாத்திக்கொண்டு, குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். இன்றைக்கும் ஒவ்வொரு செப்டம்பர் 5-ஆம் தேதியும் பொன்மலையில் தியாகிகள் நாள். நாடு முழுக்க அன்று ஆசிரியர் தினம். அத்தை மட்டும் காலண்டரைப் பார்த்து, "அஞ்சு பேர் போன நாள்" என்பார்.

1951 ஏப்ரல் 14 அன்று எஸ்.ஐ.ஆர்., மதராஸ் அண்ட் சதர்ன் மராட்டா, மைசூர் ரயில்வே மூன்றும் சேர்ந்து தெற்கு ரயில்வே ஆயின. எஸ்.ஐ.ஆர். என்ற மூன்றெழுத்து பித்தளை வில்லைகளிலும் பெரியவர்கள் பேச்சிலும் மட்டும் மிஞ்சியது.

இதையெல்லாம் படித்து முடித்தபோது எனக்கு ஒன்று தெளிவானது. நாம் ஏதோ நம் தலைமுறையில்தான் ஊரை விட்டு வந்துவிட்டோம், வேரை அறுத்துக்கொண்டோம் என்று குற்ற உணர்ச்சியில் இருக்கிறோம். பொங்கலுக்குப் பொங்கல் அதைப் பற்றி உருகி எழுதுகிறோம். ஆனால் எங்கள் குடும்பம் ஊரை விட்டுக் கிளம்பியது 1928-லேயே. அதுவும் நாங்களாகக் கிளம்பவில்லை. ஒரு கம்பெனி பட்டறையை நகர்த்தியது, பரீட்சை வைத்தது, தேறியவர்கள் பின்னால் போனார்கள். நான் தில்லிக்கு வந்ததும் ஏறக்குறைய அப்படித்தான். சென்னையில் இருந்த பிரிவை இங்கே மாற்றுகிறோம், வருகிறாயா என்றார்கள். வந்தேன். வித்தியாசம் ஒன்றுதான். கொள்ளுத்தாத்தா காலத்தில் பரீட்சையில் தோற்றவர்களுக்காகவும் சேர்ந்து ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்தினார்கள். என் பக்கத்து மேஜைக்காரரை ஒரு வெள்ளிக்கிழமை மாலை அனுப்பிவிட்டபோது, நான் அவருக்கு ஒரு பிரிவு உபசார மின்னஞ்சல் அனுப்பினேன். அதைப் பெருமையாகச் சொல்ல முடியவில்லை.

படிவத்தின் கதையை முடிக்கிறேன். மறுநாள் காலை பெண்ணிடம் "நாகப்பட்டினம்னு எழுது" என்றேன். எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்ல எழுதினாள். அந்தக் கட்டத்துக்குள் பெயர் அடங்காமல் வெளியே வழிந்தது.

"அங்க நாம போயிருக்கோமாப்பா?"

"இல்லடா."

"அப்புறம் எப்படி நம்ம ஊர்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அத்தை சொன்னதையே சொன்னேன்: பட்டறையைத் தூக்கிட்டுப் போனா ஊர் மாறிடுமா என்று. அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை. தங்கமணிதான் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார்: "வியாக்கியானம் போதும். மே மாசத்துக்கு டிக்கெட் போடுங்க. திருச்சிக்குப் போய் அத்தையையும் கூட்டிக்கிட்டு நாகப்பட்டினம் போயிட்டு வந்துடலாம்."

போட்டாயிற்று. திருச்சியிலிருந்து தஞ்சாவூர் வழியாக, 1862-ல் போட்ட அதே வழித்தடம். இப்போது மறுபடியும் அகலப் பாதை. அத்தை இப்போதே பையில் எடுத்து வைக்க வேண்டியதற்குப் பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார். முதலில் எழுதியிருப்பது அந்தப் பித்தளை வில்லையாம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வில்லை, ஒரு பழைய பாஸ், ஒரு பச்சை விளக்கு ஏதாவது பரணில் கிடக்கும். அதைப் பற்றிச் சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.